தெய்வம்மாவின் இடது குதிகால்

தெய்வம்மாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், முதலில் அவளுக்கும் கருப்பம்மாளுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தியின் கால்வலிக்காக இரண்டு குடும்பம் ஏன் முகம் பார்க்காமல் இருந்தது என்பது விளங்காது.

தெய்வம்மாவின் அப்பாவும் என் அப்பாவும் அண்ணன் தம்பி மக்கள். அந்த வகையில் அவள் எனக்குத் தங்கை முறை. இலங்கையில், பண்டாரவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். எழுபத்தாறாம் வருஷம் எங்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கப்பலேறும்போது அவளுக்கு ஆறு வயது. அவள் அண்ணன் முனியசாமிக்குப் பதினொன்று. அதே கப்பலில் வந்த இன்னொரு குடும்பத்துப் பிள்ளைகள்தான் கருப்பம்மாளும் அவள் தம்பி கணேசனும். மண்டபம் முகாமில் ஒரே கொட்டகை. பிறகு கீழ் கோத்தகிரிப் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு ஒரே லாரியில் வந்து இறங்கினோம்.

வளர்ந்த பிறகு முனியசாமிக்குக் கருப்பம்மாளைக் கட்டினார்கள். மூன்று வருஷம் கழித்துக் கணேசனுக்குத் தெய்வம்மாவைக் கொடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஆக, தெய்வம்மாவுக்குக் கருப்பம்மாள் அண்ணன் பெண்டாட்டி, புருஷனுக்கு அக்கா. எந்தப் பக்கம் போனாலும் மதினிதான். தோட்டத்தில் கொழுந்து எடுக்கவும் முப்பத்தைந்து வருஷமாக அடுத்தடுத்த நிரைதான்; நிரை என்பது ஆளுக்கு ஒதுக்குகிற செடி வரிசை. ஒரு வருஷம் கங்காணி பிரித்துப் போட்டதற்கு இரண்டு பேரும் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

மூன்றாவது முடிச்சும் விழும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். தெய்வம்மாவின் மகன் பாண்டியராஜுக்குக் கருப்பம்மாளின் மகள் தேவி உரிமைப் பெண். ஆனால் பாண்டியராஜ் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். கருப்பம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்த பெண்ணுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அதற்குப் பிறகு நிரையில் நிற்கும்போது அவள் பேசுவது குறைந்துபோனது. தேவிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

கணேசன் செத்து ஏழு வருஷம் ஆகிறது. அவன் போன பிறகு லயத்து வீடு தெய்வம்மா பேரில் நிற்கிறது. வேலையில் பேர் இருக்கும்வரைதான் வீடு. ஐம்பத்தெட்டு வயதில் பேரை எடுத்துவிடுவார்கள். அதற்குள் உடம்பு முடியாமல் போனாலும் எடுத்துவிடுவார்கள். திருப்பூரில் மகன் இருப்பது ஒற்றை அறை, அதில் அவன் மாமியாரும் இருக்கிறாள். தெய்வம்மாவுக்குப் போக வேறு இடம் இல்லை. இதை அவள் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை, ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போன ஐப்பசி மாதம். மூன்று நாள் மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. பதினோராம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மலை செங்குத்து, மேலே சோலைக்காடு. காட்டு ஓரத்தில் ஒற்றைக் காட்டெருமை வந்து நின்றது.

"சத்தம் போடாதீங்க மதினி. அது பாட்டுக்குப் போயிரும்" என்று தெய்வம்மா சொல்லியிருக்கிறாள்.

"மேய விடு. நாளைக்குக் கங்காணி அதுக்கும் ஒரு நிரை குடுத்துருவாரு" என்றாள் கருப்பம்மாள்.

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி தண்ணீர்ச் சட்டியைத் தட்டினாள். மற்றவர்கள் கல்லெடுத்து எறிந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது பழக்கம். மாட்டின் மேல் படாமல், அதன் காலடியில் விழுகிற மாதிரி எறிய வேண்டும். அன்றைக்கு ஒரு கல் எங்கேயோ பட்டுவிட்டது போல. காட்டெருமை தலையைத் திருப்பி இரண்டு அடி இறங்கியது. எல்லோரும் சிதறினார்கள். தெய்வம்மா முதுகில் நிறைந்த கூடையோடு, காண் என்கிற வடிகாலின் ஓரத்தில் இடது காலை ஊன்றி, மாட்டின் வழியை விட்டு விலகப் பக்கவாட்டில் மேல் நிரைக்கு ஒரே எட்டாக எம்பினாள்.

'டப்' என்று ஒரு சத்தம். காய்ந்த சுள்ளி ஒடிந்த மாதிரி இருந்ததாகப் பக்கத்தில் இருந்தவர்களும் சொன்னார்கள். குதிகாலுக்கு மேலே யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. அப்படியே செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாடு அதற்குள் காட்டுக்குள் போய்விட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். நாலு செடி கீழே கருப்பம்மாள் நின்றிருந்தாள். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை.

"என்ன மதினி, என்னையவே அடிச்சிட்டீங்க."

"நான் மாட்டத்தான் எறிஞ்சேன்."

"மாடு மேல நின்னுச்சு. நடுவுல நான் நின்னேன். கண்ணு தெரியலயா?"

கருப்பம்மாள் ஓங்கிய கையை இறக்கினாள். அப்போதே அவள் மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

கங்காணி எல்லப்பன் வந்து பார்த்தார். ரத்தம் இல்லை, தோலில் கீறல்கூட இல்லை. விரலை ஆட்டச் சொன்னார். ஆட்டினாள். "வெரல் ஆடுது பாரு. ஒண்ணுமில்ல, சுளுக்குத்தான். ரெண்டு நாள் லீவு போட்டுக்க" என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. எங்கள் யாருக்குமே அதற்கு மேல் தெரியாது. விரல் ஆடினால் கால் நல்லாயிருக்கிறது என்றுதான் பிறந்ததிலிருந்து நம்பிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் கால் வீங்கியது. நீலகிரித் தைலம் என் வீட்டில்தான் இருந்தது. உப்புப் போட்ட சுடுதண்ணீரை ஊற்றி, தைலத்தைத் தேய்த்து, அழுத்தி அழுத்தி உருவியவள் என் பெண்டாட்டிதான். தெய்வம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் காலையும் மாலையும் உருவினாள். புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டாள். வீக்கம் இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் நாவல்பழ நிறத்தில் ரத்தம் கட்டியது. வீக்கம் மூடிக்கொண்டதால் குதிகாலுக்கு மேலே ஒரு விரல் புதைகிற பள்ளம் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

நாலாவது நாள் முனியசாமி தங்கையை டவுனுக்குக் கூட்டிப்போனான். ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்றார்கள். ஒரு பட்டைத் துணியைச் சுற்றி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தப் படம்தான் பிறகு வினையானது. கருப்பம்மாள் பக்கத்தில் பேசியவர்கள், "எலும்பு நல்லாயிருக்குன்னு படமே சொல்லுது. பின்ன எதுக்கு இந்த நொண்டல்?" என்றார்கள். தெய்வம்மா ரோட்டில் நடந்தாள். கடைக்குப் போனாள். குழாயடிக்குப் போனாள். ஆனால் வேலைக்குப் போன முதல் நாள் மேட்டில் ஏற முடியவில்லை. இடது காலை மேலே வைத்து உந்தினால் பாதம் பின்னால் தள்ளுவதே இல்லை. ஈரத்துணியை வைத்த மாதிரி மடங்கி உட்கார்ந்தது. இரண்டு தரம் விழுந்தாள். ரோட்டில் நடக்கிறவள் மேட்டில் விழுகிறாள் என்றால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்?

"நடிக்கிறா" என்று சொன்னார்கள். "மதினிமேல பழிய ஏத்துறதுக்கு நடிக்கிறா."

அது தெய்வம்மாவின் காதுக்கு வந்தது. அதுவரைக்கும் அவள் கல்லைப் பற்றி லயத்தில் பெரிதாகப் பேசவில்லை. அன்றைக்குத்தான் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மக கல்யாணம் நடக்கலன்னு என் கால ஒடைச்சிட்டாங்க" என்று சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியாத பேச்சு அது. தேவியின் பேரை இழுத்ததுதான் கருப்பம்மாளுக்கு ஆறவில்லை.

ஆட்கள் கூடி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் வைத்துப் பேசலாம் என்றார்கள். நானும் போனேன். தெய்வம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கல்லு என் மேல படலன்னு மதினியக் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க. நான் மதினி கால்ல விழுந்துட்டுப் போறேன்."

பூசாரி தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தார். கருப்பம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கற்பூரம் பாதி எரியும்வரை நின்றாள். முனியசாமி, "அடி" என்று மெதுவாகச் சொன்னான். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்? அடித்தவள் அவள்தான் என்று லயமே முடிவு கட்டியது. முனியசாமி தங்கை வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். பெண்டாட்டிமேல் கோபமா, தங்கைமேல் கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பேச்சு மட்டும் இல்லை.

ஆபீஸில் தெய்வம்மாவை ஒரு மாதம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குப் பிடிக்க விட்டார்கள். அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மலைக்கு ஏற முடியாதென்றால் டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வா, இல்லாவிட்டால் கணக்கை முடித்துக்கொள் என்றார்கள். அவள் அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. "எவ்வளவு சாமான் இருக்குன்னு பார்த்தேன் அண்ணே. ரெண்டு மூட்டைக்கு மேல தேறாது" என்றாள்.

அடிபட்டு ஆறு வாரம் ஆகியிருக்கும். என் தம்பி அய்யாவு, வாதத்தில் வலது பக்கம் விழுந்துபோய்ப் படுக்கையில் இருக்கிறான். அவனுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி வேனில் ஒரு பெண் வருவாள். பேர் கெஸியா. கோத்தகிரிக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. அன்றைக்கு அய்யாவுவின் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தவள், வாசல் வழியாகத் தெய்வம்மா விறகுக் கட்டோடு நடந்து போவதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க அம்மா, கொஞ்சம் நில்லுங்க. அந்தக் காலுக்கு என்னாச்சுங்க?"

"சுளுக்கு கண்ணு. ஒன்றர மாசமாச்சு."

"இடது கால்ல மட்டும் நின்னு, நுனிக்கால ஊனிக் குதிகாலத் தூக்குங்க பாக்கலாம்."

தெய்வம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முயன்றாள். வலது கால் தூக்கியது. இடது கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. கெஸியா அவளை அய்யாவுவின் கட்டிலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் குப்புறப் படுக்கச் சொன்னாள். பாதம் இரண்டும் பெஞ்சுக்கு வெளியே தொங்கின. முதலில் வலது கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினாள். பாதம் தானாகக் கீழே சாய்ந்தது, யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி. பிறகு இடது கெண்டைக்காலை அமுக்கினாள். பாதம் அசையவில்லை. இன்னொரு தரம் அமுக்கினாள். அசையவில்லை.

கெஸியா கெண்டைக்காலிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள். "அடிபட்ட அன்னைக்கு, பின்னாடியிருந்து யாரோ கல்லால அடிச்ச மாதிரி இருந்துச்சுங்களா? இல்லாட்டி எட்டி ஒதச்ச மாதிரி?"

தெய்வம்மா படுத்தபடியே தலையைத் தூக்கினாள். "ஒனக்கு யாரு சொன்னா?"

"ஆரும் சொல்லலைங்க."

"கல்லால அடிச்சாங்க. எங்க மதினி. ஊருக்கே தெரியும்."

"யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க அம்மா. இது அறுந்தா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. போன வருசம் ஒரு மாஸ்டர், ஸ்கூல்ல வாலிபால் ஆடறப்ப, பின்னாடியிருந்து எவனோ பையன் ஒதச்சுட்டான்னு அறையக் கையோங்கிட்டாரு. திரும்பிப் பாத்தா அவரு பின்னாடி ஆருமே இல்ல, செவுருதான் இருந்துச்சாம்."

அய்யாவு படுக்கையிலிருந்து சிரித்தான். அவனுக்குப் பாதி வாயால்தான் சிரிக்க முடியும். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பொதுக் குழாய் அய்யாவு வீட்டு வாசலுக்கு நேரே இருக்கிறது. கருப்பம்மாள் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கெஸியா சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. குடத்தை எடுக்காமல் அவள் வீட்டுக்குள் போவதை நான் பார்த்தேன். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. யாரோ போய்க் குழாயை அடைத்தார்கள்.

கெஸியா தெய்வம்மாவின் விரலைப் பிடித்துக் குதிகாலுக்கு மேலே அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினாள். குதிகால் எலும்பையும் கெண்டைச் சதையையும் கட்டுகிற தடித்த நார் ஒன்று இருக்கிறதாம். உடம்பிலேயே அதுதான் பெரியதாம். மேட்டில் எம்பி ஏறும்போது பட்டென்று அறுந்துபோகுமாம், வயது ஏறினவர்களுக்கு இன்னும் சுலபமாக. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், இந்த நார் தெரியாது. விரலை ஆட்டுவது வேறு நார்கள். அதனால் விரல் ஆடும், சமதரையில் நடக்கவும் முடியும். உந்தி ஏற மட்டும் முடியாது.

"அப்ப நடிக்கல நான்" என்றாள் தெய்வம்மா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

என் பெண்டாட்டி தயங்கித் தயங்கி, தைலம் போட்டு உருவியதைச் சொன்னாள். கெஸியா திட்டவில்லை. "சுளுக்கோ, சதைப் பிடிப்போ, எதுவா இருந்தாலும் மொத ரெண்டு மூணு நாளைக்கு உருவக்கூடாதுங்க. சூடும் வெக்கக்கூடாது, உள்ள கசியற ரத்தம் இன்னும் கசியும். ஈரத்துணி சுத்தி, தலகாணி மேல கால ஒசத்தி வெச்சு, ஊனாம இருக்கணும். டவுன்ல ஐஸ் வெக்கச் சொல்லுவாங்க. உங்க குழாய்த் தண்ணியே ஐஸ் மாதிரிதான் இருக்கு, தனியா ஐஸ் எதுக்குங்க?" என்றாள். பிறகு, "சத்தம் கேட்டுச்சுன்னாலோ, நுனிக்கால்ல நிக்க முடியலன்னாலோ, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். அப்பவே கட்டுப் போட்டிருந்தா கத்தியில்லாமலே ஒட்டியிருக்கும்" என்று சொல்லி, ஊட்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

ஆறு வாரம். யார் கல்லெறிந்தார்கள் என்று பேசுவதில் போன ஆறு வாரம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அலுப்பாக இருக்கிறது.

ஊட்டிக்குப் போகிற நாள். தெய்வம்மா காலை ஐந்தரை பஸ்ஸுக்கு நின்றாள். அண்ணன் வருவான் என்று எதிர்பார்த்து நின்றாள். வந்தது கருப்பம்மாள், கையில் ஒரு பையோடு.

"ஒங்கண்ணன் வருவாருன்னு பாக்கிறியா? பொம்பள வார்டுல அவர எவ விடுவா?"

தெய்வம்மா பஸ்ஸில் ஏறினாள். ஏறும்போது இடது கால் படியில் தங்கவில்லை. கருப்பம்மாள் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கி ஏற்றினாள். ஊட்டி வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்று அதே பஸ்ஸில் போனவர்கள் சொன்னார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அறுந்த இரண்டு முனைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. இனி தானாக ஒட்டாது, கால் கட்டைவிரலுக்குப் போகிற ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் பாலம் மாதிரி வைத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். பழைய பலம் முழுசாக வராது, முக்கால் பங்கு வந்தால் பெரிது என்றும் சொன்னார்.

"மலை ஏறலாமா சார்?" என்றாள் தெய்வம்மா. வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

"ஏழெட்டு மாசம் ஒழுங்கா பயிற்சி பண்ணினா ஏறலாம். மெதுவா."

மார்கழி முதல் வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள் கருப்பம்மாள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தாள். ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அவளாகவே பேச்சை எடுத்திருக்கிறாள். இதைத் தெய்வம்மா பிறகு எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னாள்.

"அன்னைக்கு நான் ரெண்டு கல்லு எறிஞ்சேன். மொதக் கல்லு மாட்டுக்கிட்ட விழுந்துச்சு, பார்த்தேன். ரெண்டாவது கையவிட்டுப் போறதுக்கும் நீ உக்காருறதுக்கும் சரியா இருந்துச்சு. அது எங்க போச்சுன்னு நான் பாக்கல."

"அதுக்குத்தான் கற்பூரம் அடிக்கலயா?"

"தெரியாதத எப்புடி அடிக்கிறது? படலன்னு அடிச்சுட்டு, பட்டிருந்தா? எனக்கு ஒரே பொம்பளப் புள்ள."

"தெரியலன்னாவது சொல்லியிருக்கலாம்ல மதினி."

"சொன்னா யாரு நம்புவா? நீயே நம்பியிருக்க மாட்ட."

தெய்வம்மா யோசித்துப் பார்த்ததாகச் சொன்னாள். நம்பியிருக்க மாட்டாள்தான்.

"தேவி பேர இழுத்திருக்கக் கூடாது நான்" என்றாளாம்.

"கூடாதுதான்" என்றாளாம் கருப்பம்மாள். அவ்வளவுதான். காலில் விழவும் இல்லை, கட்டிப் பிடிக்கவும் இல்லை. இரண்டு பேருக்கும் அதற்குத் தெம்பு இல்லை.

கட்டு ஆறு வாரம். பிறகு குதிகாலுக்கு அடியில் பஞ்சுத் தகடு அடுக்கிய பெரிய பூட்ஸ். வாரம் ஒரு தகடாக எடுத்தார்கள். அதற்குப் பிறகு பயிற்சி. கெஸியா வரும் நாள் மட்டும் இல்லை, தினமும் மூன்று வேளை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். முதல் மாதம் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கினாள். பங்குனியில் ஒரு நாள் இடது கால் மட்டும் ஒரு கட்டெறும்பு நுழைகிற அளவு எழும்பியது. அன்றைக்கு என் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். மறுநாள் எழும்பவில்லை. இப்படித்தான் போனது. முன்னேறியது என்று சந்தோஷப்பட்டால் அடுத்த நாள் வீங்கும்.

அந்த மாதங்களில் சர்டிபிகேட்டைக் காட்டி, யூனியன்காரர்கள் பேசி, ஆபீஸில் ஆனி வரைக்கும் அவகாசம் வாங்கியிருந்தார்கள். ஆனி மாதம் அவளைக் கூப்பிட்டார்கள். சின்ன தொரை, அதாவது உதவி மேனேஜர், நல்ல பையன், முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்தவன். "அம்மா, நான் பேப்பரப் பாத்து முடிவு பண்ண முடியாது. ஏழாம் நம்பர்ல ஒரு நாள் முழுசா ஒரு நிரை எடுத்து முடிங்க. முடிஞ்சா பேர் இருக்கும்" என்றான்.

ஏழாம் நம்பர் மலைக்குப் படி கிடையாது. தெய்வம்மா நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறினாள். வலது காலை மேலே வைப்பாள், செடியைப் பிடிப்பாள், இடது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்ப்பாள். அவளைவிட வயதானவர்கள்கூட அவளைத் தாண்டிப் போனார்கள். யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. பேசினால் நின்றுவிடுவாளோ என்ற பயம். பத்து மணி டீக்கு அவள் நிரையில் கால் பங்குகூட முடியவில்லை. மத்தியானம் பாதி. மூன்று மணிக்கெல்லாம் மற்றவர்கள் நிரையை முடித்து மேலே ரோட்டில் நின்றார்கள். அவளுக்கு மேலே இன்னும் முப்பது செடிக்கு மேல் இருந்தது. கால் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்துவிட்டது.

கருப்பம்மாள் ரோட்டிலிருந்து இறங்கினாள். தெய்வம்மாவின் நிரையின் மேல் முனையில் நின்று, கீழ்நோக்கிக் கொழுந்து எடுத்துக்கொண்டே வந்தாள்.

கங்காணி எல்லப்பன் கூப்பிட்டார். "கருப்பம்மா, அது ஒன் நிரை இல்ல."

"தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"தொரை பாத்தா நான்தான் பதில் சொல்லணும்."

"அப்ப தொரையப் பாருங்க, என்னையப் பாக்காதீங்க."

எல்லப்பன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார்.

ஒருத்தி கீழேயிருந்து ஏறினாள், இன்னொருத்தி மேலேயிருந்து இறங்கினாள். நாலே கால் மணிக்கு ஒரே செடியில் இரண்டு பேர் கையும் வந்து நின்றது. கருப்பம்மாள் தன் கையில் இருந்ததைத் தெய்வம்மாவின் கூடையில் போட்டாள். எல்லப்பன் நோட்டில் நிரை முடிந்ததாக எழுதிக்கொண்டார். பேர் நின்றது, வீடும் நின்றது.

இரண்டு பேரும் காணின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். தெய்வம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கூடைமேல் தூக்கி வைத்தாள்.

"இன்னும் நாலு வருசம் இருக்கு மதினி."

"எனக்கு ரெண்டுதான். அதுக்குப் பொறகு மிச்ச நிரைய நீயாத்தான் ஏறிக்கணும்."

தெய்வம்மா தலையாட்டினாள். மூடுபனி கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. இறங்குவதற்கு அந்தக் கால் அவ்வளவு சிரமம் கொடுப்பதில்லை. ஆனாலும் உடனே எழுந்திருக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.